பி பக்கம், பதினோராம் நிமிடம்

உறையில் படம் இல்லை.
கப்பலில் பிலிப்பைன்ஸ் சமையல்காரனிடம் வாங்கி
ராட்டர்டாம் துறைமுகத்தில் காப்பி அடித்ததாம்.
ததேயு மச்சான் பேனாவால் எழுதியிருந்தார்:
"பாட்டு கிடையாது."

அது பெயரா எச்சரிக்கையா,
தொண்ணூற்று நாலில் எனக்குத் தெரியவில்லை.
குளச்சல் ஐஸ் கம்பெனி, இரவு ஷிப்ட்.
அம்மோனியா வாடை. உப்புநீர்த் தொட்டிக்குள்
முங்கிக் கிடக்கும் முந்நூறு தகரக் கேன்கள்.
விடியுமுன் இறுகியாக வேண்டிய தண்ணீர்.
நான் கம்பிரசர் ஆள்.
முள்ளைப் பார்ப்பதும் உறங்காமலிருப்பதும் வேலை.

வாக்மேனில் போட்டேன்.
முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் வரவில்லை.
பிறகும் வரவில்லை; ஆனால் அந்த வராதது
மெல்லப் பெரிதாகிக்கொண்டிருந்தது.
நீளமாய் ஒரே சத்தம், நிறம் மட்டும் மாறும்.
அதற்கும் அடியில் எவரோ
மூடிய கதவை முட்டியால் தட்டுவதுபோல்
டும். டும். டும். டும்.
திறக்கச் சொல்லவில்லை. தட்டியது, அவ்வளவுதான்.

"பாடுறவன் எப்ப வருவான் ஓய்?"
ஒரு காதில் வைத்துக் கேட்டார் வறுவேலண்ணன்.
வரமாட்டான் என்றேன்.
"பின்ன இது எதுக்காக்கும்?"
கம்பிரசரைக் கைகாட்டினேன்.
அதுவும்தான் பாடாது.

பெல்ட்டில் ஒட்டுப்போட்ட இடம்
ஒவ்வொரு சுற்றுக்கும் சக்கரத்தில் அடிக்கும்: டக்.
கேசட்டின் டும் ஒரு மயிரிழை முந்தும்.
முந்தி, விலகி, எதிர்ப்பக்கம் போய் நின்று,
பிறகு நெருங்கி நெருங்கி
டக்கின் மேல் டும் சரியாக விழும்.
அப்படி விழுந்த ஓர் இரவில்
கம்பிரசர் காணாமல் போனது.

நின்றே விட்டது என்று நினைத்தேன்.
முதலாளியின் முகம், கரையில் ஐசுக்கு நிற்கும் வள்ளங்கள்,
சாளைக்குச் சிவக்கத் தொடங்கும் கண்.
காதில் மாட்டியதைக் கழற்றவும் தோன்றாமல்
ஓடிப்போய் வெந்நீராய்க் கொதிக்கும் பைப்பைப் பிடித்தேன்.
ஓடிக்கொண்டுதான் இருந்தது.
உள்ளங்கைத் தோல் கொஞ்சம் பைப்பில்.
வறுவேலண்ணனிடம் வேறு காரணம் சொன்னேன்.

கையில் கட்டோடு போய்
தங்கச்சி பிளாரன்ஸிடம் கேசட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.
மச்சான் மறுபடியும் கடலில்.
பிள்ளை ராத்திரி முழுக்க அலறும்.
இதைப் போட்டால் உறங்கினான்,
ஜெபமாலைக்கும் உறங்காதவன்.
ஒருநாள் இருட்டில் அவள்
இரண்டு பட்டனைச் சேர்த்து அமுக்கிவிட்டாள்.

பி பக்கம், பதினோராம் நிமிடம்:
தட்டிக்கொண்டேயிருந்த கதவு சட்டென்று திறக்கிறது.
உள்ளே ஒரு குழந்தை அழுகிறது.
"போட்டும் மக்கா, போட்டும்" என்கிறாள்.
தூரத்தில் யாரோ மண்ணெண்ணெய் விலை கேட்கிறார்கள்.
பத்தொன்பது விநாடி.
பிறகு டும்.

அந்தப் பிள்ளைக்கு இப்போது முப்பத்தொன்று.
தோஹாவிலிருந்து லீவில் வந்த ஷைஜின்
போனில் தேடி எடுத்துவிட்டான்.
பெயர் இருந்தது, படம் இருந்தது, ஆண்டுகூட.
ஒன்றும் வராத அந்த முதல் நிமிடத்திலேயே
இதுதான் என்றேன்.
பி பக்கம் போடச் சொன்னேன்.
பக்கமெல்லாம் கிடையாது மாமா, ஆறாவது ட்ராக் என்றான்.

கோடிமுனையில் பைக்கைச் சாய்த்து வைத்து
ஆளுக்கு ஒரு காது.
கேசட்டின் இரைச்சலைக் கழுவி எடுத்திருந்தார்கள்;
ஆஸ்பத்திரித் தரைபோலச் சுத்தம்.
எட்டு. ஒன்பது.
நிமிர்ந்து உட்கார்ந்தேன்.
பத்து.
பெருவிரல் தானாக உள்ளங்கைத் தழும்புக்குப் போனது.
பதினொன்று.
டும். டும். டும். டும்.
திறக்கவில்லை.

"என்ன மாமா, வேற பாட்டா?"
"பாட்டு சரிதாம்லே.
இங்கதான் நீ அழணும்."

சிரித்தான். விரலால் பின்னுக்கு இழுத்து
மறுபடி ஓடவிட்டான்.
கடலில் ஒரு வள்ளத்தின் எஞ்சின்
டும்முக்குக் கொஞ்சம் பிந்தி
வந்துகொண்டிருந்தது.